வெள்ளி மஃரிப் வரைக்கும்

"இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு." மிப்ரான் போனைத் திருப்பி ஸனாவுக்குக் காட்டினான். "மஃரிப் ஆறு பதினொண்ணுக்கு. அதுக்குள்ள மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு சொல்லு. வேற ஒண்ணும் நான் கேட்கல்ல."

ஸனா குளத்தைப் பார்த்தபடியே பிளேன்டீயை உறிஞ்சினாள். "ஒங்கட மூஞ்சிக்கு மன்னிப்பு ஒரு கேடு."

மடுல்சீமைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு தோட்டத்துக் குளம். ஜனவரிக் குளிர். படுக்கை, காஸ் அடுப்பு எல்லாம் வைத்துச் செய்த மிப்ரானின் கேம்பர் வேன் கரையில் நின்றது. கொழுந்தை எடை போட்டுவிட்டுப் போன பெண்கள் இரண்டு பேர், கல்யாணம் முடித்த கையோடு ஊர் சுற்ற வந்த ஜோடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

நினைத்தால் நினைக்கட்டும். மிப்ரான் இவளுக்குத் தலாக் சொல்லி இன்றோடு மூன்று மாதம். பதுளை வீட்டில் அவன் உம்மா பேசின பேச்சுக்கு இவள் ஒரு பேச்சுத் திருப்பிப் பேசினாள், அவ்வளவுதான் குற்றம்.

தலாக் சொன்ன பிறகு இத்தா என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. மிப்ரானின் கணக்கில் அது இந்த வெள்ளி மஃரிப்போடு, பொழுது சாயும் தொழுகை நேரத்தோடு, முடிகிறது. அது முடிவதற்குள் புருஷன் 'உன்னைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மறுபடி பெண்டாட்டி. அவளைக் கேட்கவும் வேண்டியதில்லை. காலம் முடிந்துவிட்டாலோ, அவள் சம்மதித்துப் புதிதாய் நிக்காஹ் செய்தால்தான் உண்டு.

அந்த ஒரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு மிப்ரான் ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. நாய்க்கு எலும்பு காட்டுகிற மாதிரி மூன்று மாதமாய்க் காட்டிக்கொண்டே இருந்தான். "ரெண்டு பேரும் ஒரு பயணம் போய்ட்டு வாங்க, மனசு மாறும்" என்று பெரியவர்கள் சொல்லப்போய், ஞாயிற்றுக்கிழமை அவளை வேனில் ஏற்றினான். அப்புத்தளை, பெரகல, பண்டாரவளை, பசறை. போன இடமெல்லாம் அதே கேள்வி, அதே பதில்.

பெரகல சந்தியில் அவன் உண்மையாகவே இளகினான். குளிரில் அவள் இருமுவதைப் பார்த்து, "சரி ஸனா, போனது போகட்டும்..." என்று ஆரம்பித்தான்.

இவள் சும்மா இருந்திருக்கலாம். "ஒங்கட உம்மாகிட்ட கேட்டாச்சா?" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டு வேன் கதவை அறைந்த அறையில் கண்ணாடி ஆடியது. வாழ வேண்டியவள் பேசுகிற பேச்சா அது?

இன்றைக்கு இன்னும் மோசம். மத்தியானத்திலிருந்து அவள் வேனுக்குள் காலே வைக்கவில்லை. ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டு குளக்கரைக் கல்லில் குந்தியிருந்தாள். ஒரு வக்துத் தொழுகையும் விடாதவள், பகல் லுஹரும் தொழவில்லை, பின்னேர அஸரும் தொழவில்லை.

"என்னோடதான் கோவம்னா அல்லாஹ்வோடயுமா?" என்றான் மிப்ரான்.

"எனக்கும் அவனுக்கும் நடுவுல நீங்க வராதீங்க."

"ஒன்ட நானாவுக்குப் போன் எடுத்தியாமே."

"எடுத்தேன். என்னைக் கூட்டிட்டுப் போக வாறார்."

மிப்ரான் சிரித்தான். "வரட்டும். அவர் முன்னாலயே கேளு மன்னிப்ப."

சிரித்தானே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அவனுக்கு அவள் வேண்டும். வேண்டும், ஆனால் காலடியில் வேண்டும். அதுதான் அவன் நோய்.

ஐந்தே முக்காலுக்கு அவளுடைய நானா ஷாஹ்மியின் கார், மூடுபனிக்குள் லைட்டைப் போட்டுக்கொண்டு குழியிலும் பள்ளத்திலும் விழுந்து எழும்பி வந்து சேர்ந்தது. ஷாஹ்மி ஸலாம் சொல்லிவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண் நிறையத் தண்ணீர்.

மிப்ரான் அதைப் பார்த்துவிட்டான். அழுகிறாள், கடைசியில் அழுதுவிட்டாள். அவனுக்கு அது போதுமாயிருந்தது. ஆறு மணி ஆனதும் எழும்பி நின்று தொண்டையைச் செருமினான்.

"மச்சான், நீங்க சாட்சி. பாவம் பார்த்துத்தான் சொல்றேன். ஸனா, உன்னைத் திருப்பி எடுத்துக்கிட்டேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, நேரத்தப் பார்த்துக்கோ. இனியாவது வாயை அடக்கப் பழகு. ஏறு வேன்ல."

ஸனா எழுந்து அபாயாவில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். அவசரமே இல்லை.

"மூணு மாசக் கணக்கு யாருக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு? மாதவிலக்கு நின்னுபோன பொம்பளைங்களுக்கு. எனக்கு அந்தக் கணக்கு இல்ல. தலாக் சொன்னதுக்குப் பிறகு மூணாவது தடவை மாதவிலக்கு வந்தா அந்த நிமிஷமே இத்தா முடிஞ்சிரும். தலாக்கைப் பதிஞ்ச காதியார் சொல்லும்போது நீங்க போன் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

மிப்ரான் ஷாஹ்மியைப் பார்த்தான். ஷாஹ்மி போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"அது... எப்ப வந்துச்சு?"

"இண்டைக்குப் பகல் பன்னெண்டுக்கு." ஸனா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள். "அது வரைக்கும் நீங்க இளகிடக் கூடாதுன்னுதான் சண்டை புடிச்சேன்."