பன்னிரண்டரை அங்குலம்

“துப்பாக்கிக்கு லிப்ஸ்டிக் போட்டுட்டிருக்கியே டார்லா, அடுத்தது கம்மலா?”

கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான் ஹோலிஸ். டார்லாவின் கணவன் வெய்னுக்கு அண்ணன். கையில் காப்பி, தலையில் ஆரஞ்சுத் தொப்பி. திங்கட்கிழமை மான் சீசன் தொடக்கம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கத்தில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே லீவு.

டார்லா நிமிரவில்லை. துப்பாக்கியின் இரும்பில் சிவப்பைத் தடவி, தோளில் பதியும் பின்கட்டைக்காகக் குடைந்து வைத்திருந்த வால்நட் மரத்துக்குள் அழுத்தி எடுத்தாள். மரத்தில் சிவப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவினாள். எங்கே இடிக்கிறது என்று மரமே காட்டிக் கொடுத்துவிடும். ஒரு மாதமாக இதே வேலை.

“சும்மா சொல்லக்கூடாது, கடைச் சாமான் மாதிரிதான் இருக்கு. முடிச்சிட்டா குடு. வெய்ன் வேட்டை முகாம்ல காத்துக்கிட்டிருக்கான்.”

“காத்துக்கிட்டே இருக்கட்டும். இது எங்கப்பா துப்பாக்கி.”

“பத்து வருஷமா சுட்டவன் அவன். உங்கப்பாவுதுன்னா, நீயா சுடப்போறே?”

“ஆமா.”

ஹோலிஸ் சிரித்த சிரிப்பில் காப்பி தளும்பி பூட்ஸில் கொட்டியது. “எங்க முகாம்ல பொம்பளைய சேத்துக்க மாட்டோம், தெரியுமில்ல?”

“உங்க முகாமை யாரு கேட்டா? மலையையும் நீங்களே வாங்கிட்டீங்களா? ஃப்ரீசர் காலியாக் கிடக்கு. இந்தக் குளிருக்கு எனக்கும் என் பொண்ணுக்கும் வேண்டிய கறியை நானே கொண்டு வருவேன்.”

“இந்தத் திமிருதான்! பாவம் வெய்ன், துப்பாக்கியோட படியில வழுக்கி விழுந்தான், பின்கட்டை உடைஞ்சிருச்சு. அடிபட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு மரக்கட்டைக்காகப் புருஷனைத் துரத்தினவளை நான் இங்கதான் பார்க்கிறேன். ரெண்டு மாசமா என் வீட்டு சோபாவுல சுருண்டு கிடக்கான்.”

ஊர் முழுக்க இதே பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட ஓர் இடம் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். டார்லா இதுவரை ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை.

டார்லா இரும்பைக் கட்டையில் பொருத்தி, கடைசித் திருகாணியை முறுக்கி நிறுத்தினாள். அவள் கையை எடுப்பதற்குள் ஹோலிஸ் துப்பாக்கியைப் பறித்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தான். அவன் கட்டைவிரலே அவன் மூக்கில் இடித்தது.

“ஆ! என்ன கண்றாவி அளவு இது? முழங்கை மடிப்புலேர்ந்து விசை விரல் வரைக்கும் அளந்து செதுக்கணும்னுகூடத் தெரியாதா? வெய்னுக்குப் பதினாலு அங்குலம். இது பதிமூணுகூட இருக்காது!”

“பன்னிரண்டரை. என் கையைத்தான் அளந்தேன்.”

“அப்போ அவன் கதி?”

“அதை அவன்கிட்டக் கேளு.”

“விடு டார்லா. தெரியாம விழுந்து உடைச்சதுக்கு ஆயுசுக்கும் தண்டனையா?”

டார்லா துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, இடப்பக்கம் இழுத்துக் காட்டினாள். தோள் எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது.

“பழைய கட்டை படியில உடையல, ஹோலிஸ். உன் தம்பி ஓங்கி அடிச்சப்போ இந்தத் தோள்ல உடைஞ்சுது.”

வாசலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்துத் திரும்பி, துப்பாக்கியை வலது தோளில் பொருத்தினாள்.

“புதுசு, இந்தத் தோளுக்கு.”