ஆசைக்குப் பறப்பவள்

"கார்ல போனா மைலுக்கு இவ்வளவுன்னு தர்றேன். நீ ஆசைக்கு உன் சொந்த விமானத்துல பறந்தா, பெட்ரோலுக்கு நான் எதுக்கு அழணும்?" ஓமாஹா அலுவலகத்தில் மெக்கானிக் ஜோலினின் பில்லைத் தூக்கியெறிந்தார் முதலாளி வெர்னன்.

"ஊர் சுத்தவா போனேன்? அந்தக் கோடியில இருக்கற ஷாட்ரன் ஊருக்குப் போய் கஸ்டமரோட பம்ப்பை ரிப்பேர் பண்ணிட்டு அன்னிக்கே திரும்பினேன். கார்ல போயிருந்தா ரெண்டு நாள்!" என்று கத்தினாள் ஜோலின்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்."

சனிக்கிழமை காலை அவரே போன் செய்தார்.

"ஷாட்ரனுக்கு வந்த இடத்துல என் கார் படுத்துடுச்சு. சாயங்காலம் லிங்கன்ல ஃபுட்பால் மேட்ச்! உன் விமானத்துல வந்து கூட்டிட்டுப் போ. கேட்டதைத் தர்றேன்."

"ஆளை ஏத்திட்டுப் போய்க் காசு வாங்க என் லைசென்ஸ்ல இடமில்ல, வெர்னன். ரூல்ஸ்னா ரூல்ஸ்."

"சரி, சும்மாவாவது வாயேன்!"

"சும்மா வந்தா, அது ஆசைக்குப் பறக்கறது. எனக்கு இன்னிக்கு ஆசை இல்ல."