கொத்தாட்சுவுக்கு அடியில் ஒரு சீறல்

சத்தம் கொத்தாட்சுவுக்கு அடியிலிருந்துதான் வந்தது.

புஸ்ஸ்ஸ் என்று, நீளமாக.

உள்ளே ஹீட்டரும் சுற்றிலும் கனத்த போர்வையுமாக இருந்த அந்தக் குட்டை மேஜைக்கடியில் நான்கு பேர் கால் நீட்டியிருந்தார்கள். மினோரு, அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் சுமிரே, அவளுடைய அம்மா, அப்பா. மேஜை மேல் உரித்த ஆரஞ்சும் ஆறிப்போன தேநீரும்.

"உங்க பொண்ண எனக்குக் குடுங்க" என்று மினோரு நெற்றி மேஜையில் படக் குனிந்தான். குனிந்ததும் சீறியது.

மினோரு கேஸ் துப்பாக்கி விமர்சகன். நிஜத் துப்பாக்கி அல்ல, பட்டாணி அளவு பிளாஸ்டிக் குண்டு சுடுவது. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் மேற்பாகம் படக்கென்று பின்னால் உதைத்துத் திரும்பும். அந்த உதைக்காக உயிரையே விடுகிற கூட்டம் ஒன்று ஜப்பானில் உண்டு. புதிதாக எதை வாங்குவதென்றாலும் அந்தக் கூட்டம் முதலில் மினோரு என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கும்.

குளிர்காலம் வந்தால் இந்தத் துப்பாக்கிகள் சோர்ந்துவிடும். கேஸ் குளிர்ந்தால் உதையே இருக்காது. அதனால் கேஸும் குண்டும் அடைத்த இரும்பு மேகசினை அக்குளிலும் மடியிலும் வைத்துக் கோழி அடைகாப்பதுபோல் காப்பார்கள்.

மினோரு இன்னும் ஒரு படி மேலே. காலையில் கேஸ் நிரப்பி, வயிற்றைச் சுற்றிய கம்பளிப் பட்டைக்குள் செருகிக்கொண்டு மாலை வரை திரிவான். அந்தச் சூட்டிலும் கசியாமல் இருந்தால்தான் அவனிடம் நல்ல பெயர்.

பெண் கேட்கப் போகிற நாளில் அதைக் கழற்றி வைத்திருக்கலாம். கழற்றினால் சோதனை கெட்டுவிடும். விமர்சனம் அன்றைக்கே வெளியாக வேண்டும்.

இப்போது முடிவு தெரிந்துவிட்டது. கசிகிறது.

அடிவயிற்றில் பனிக்கட்டியை வைத்து அழுத்தியதுபோல் ஜில்லிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியாது. ரயிலில் வரும்போதே சுமிரே எச்சரித்திருந்தாள்.

"ஆம்பளைங்க பொம்மைத் துப்பாக்கி வெச்சு வெளையாடுறது எங்கம்மாவுக்குக் கண்ணுல காட்டக் கூடாது. அந்தப் பேச்ச எடுத்தே, நம்ம கல்யாணம் அவ்ளோதான்."

சீறல் ஒருவழியாக நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு அம்மா பார்த்தாள். மினோருவை அல்ல, தன் கணவரை.

"ஏங்க, இந்த வருஷமும் குளிர் வந்ததும் ஆரம்பிச்சாச்சா? வீட்டுக்கு ஒரு மனுஷன் வந்திருக்கற அன்னிக்காவது அடக்கிக்கக் கூடாதா?"

சுமிரேயின் அப்பா ஹதனாகா, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மினோரு வந்ததிலிருந்து ஒரு முறைகூடச் சிரிக்காதவர். அவர் முகம் காது வரை சிவந்தது. ஆனால் மறுக்கவில்லை. போர்வைக்கடியில் எதையோ தடவிப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்தினார்.

"மன்னிக்கணும். வயசாயிடுச்சு."

மினோரு தப்பித்துவிட்டான். வாயை மூடிக்கொண்டு இன்னொரு ஆரஞ்சை உரித்தால் போதும்.

முடியவில்லை. இந்தத் துப்பாக்கிகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் விளையாட்டில் நடுவர் கிடையாது. குண்டு பட்டால் பட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனே கையைத் தூக்கி, அவனே கத்தி, அவனே வெளியேற வேண்டும். பட்டும் படாததுபோல் ஓடுகிறவனை நடைப்பிணம் என்பார்கள். மினோரு ஒரு நாளும் நடைப்பிணமாக இருந்ததில்லை.

வலது கை தன்னால் தலைக்கு மேல் விறைப்பாக எழுந்தது.

"நான்தான்!"

திடலில் கத்துகிற கத்தல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சுமிரே போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மினோருவுக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் துப்பாக்கியைவிடக் குசு தேவலை என்று மனதைத் தேற்றிக்கொண்டான். குசு விட்டவனுக்குப் பெண் கொடுத்த குடும்பங்கள் உலகத்தில் இருக்கத்தான் வேண்டும்.

அம்மா எழுந்தாள். மரியாதைக்காக ஜன்னலை ஒரு சாண் மட்டும் திறந்தாள். பாவம், வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று இஞ்சிக் கஷாயம் போட சுமிரேயையும் இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஹதனாகா இன்னும் மினோருவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்க மறந்து மேலேயே நின்றது.

"கைய எறக்கு" என்றார் மெதுவாக.

இறக்கினான். போர்வைக்கடியில் அவர் அந்தக் கையைப் பிடித்து அதற்குள் எதையோ வைத்தார்.

கனமாக இருந்தது. இரும்பு. ஹீட்டரின் சூடு ஏறி வெதுவெதுப்பாக, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மினோருவுக்குத் தெரிகிற வடிவம். துளிகூடக் கசியவில்லை.

ஹதனாகா சமையலறைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தார்.

"மொதல்ல என்னோடதுன்னுதான் நெனச்சேன். ஒன்னோடதுல வாஷர் போயிருக்கு, மறைக்காம எழுதிடு. இந்த வீட்டுல இத்தன வருஷமா நான் ஒருத்தனேதான் பழி சொமக்கறேன் மாப்ளே. இனிமே ஆளுக்குப் பாதி."