தரையில் உட்கார்ந்த வக்கீல்

நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, வெள்ளை வேட்டியோடு வெறும் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தார் வக்கீல் தீனதயாளன். காலனிப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். இளவரசனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அவன் பார்த்து வெறுத்துப்போன பெரிய மனிதர்கள் வேறு ரகம். ஜீப்பை விட்டு இறங்காமல், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, உங்களுக்காகத்தான் போராடுகிறோம் என்பார்கள். அவர்கள் போன பிறகும் தெருவில் நிற்கிற சென்ட் வாடை அவனுக்குக் குமட்டும்.

வக்கீல் மெதுவாகத்தான் பேசினார். மண்டல் கமிஷனை எதிர்த்து வடக்கே பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள், இப்போது நாமெல்லாம் ஒன்றாக நிற்காவிட்டால் எப்போது, கள்ளக்குறிச்சி ஊர்வலத்துக்கு இந்தத் தெருவே வரவேண்டும் என்றார். இளவரசனின் அம்மா இருசம்மாள் டீ கொண்டுவந்தபோது, வயிற்றில் புண் என்று கும்பிட்டு மறுத்தார். ஓர் இளநீர் மட்டும் குடித்தார்.

அவர் போனதும் இருசம்மாள் மகனைப் பிடித்துக்கொண்டாள். தடியடி நடந்தால் முதல் அடி நம் முதுகில்தான் விழும், இந்த ஆளை நம்பிப் போகலாமா என்று கேட்டாள்.

"அவரு டவுன் டு எர்த்துமா" என்றான், பி.ஏ. இங்கிலீஷ் படிக்கும் மகன்.

"அப்டின்னா இன்னாடா?"

வகுப்பில் கேட்டதை அவன் விளக்கினான். நேராகச் சொன்னால், மண்ணுக்கு இறங்கி வந்தவர். பந்தா இல்லாதவர், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் நாலு பேரைப்போலப் பழகுகிறவர். அப்படி ஒருவரைச் சொன்னால் அது பெரிய பாராட்டு.

"பொறந்ததுலேர்ந்து மண்ணுலயே கெடக்கிற எங்கள இன்னான்னு சொல்லுவாங்களாம்?" என்றாள் பக்கத்து வீட்டு ஆயம்மாள். தெருவே சிரித்தது. இளவரசன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்கு நான் பொறுப்பு என்றான்.

"நீ படிச்சவன். நீ சொன்னா வரோம்" என்றாள் இருசம்மாள்.

அதைச் சொல்ல அப்போதே சைக்கிளை மிதித்தான். கச்சிராயபாளையத்தில் வக்கீல் வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். அவனை அவளுக்குத் தெரியாது. பேண்ட் சட்டையைப் பார்த்து ஊர்வலக் கமிட்டிப் பையன் என்று நினைத்தாள் போலும், சிரித்தபடி உட்காரச் சொன்னாள்.

கொல்லைப்பக்கம் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் இருங்க தம்பி. காலனிக்குப் போய்ட்டு வந்துகிறாரு, தல முழுவாம உள்ள வரமாட்டாரு."