பிரதிஷ்டை ஆகாத நாற்காலி

கண்களை மூடி ஜெபிப்போம் என்றாள்.

சபை முழுவதும் மூடியது. அவள் மூடவில்லை.

பெண்கள் ஞாயிறு. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் மைக் பெண்கள் கைக்கு வரும். நீளமாக ஜெபிக்கிற வரம் அவளுக்கு உண்டென்று ஊரே சொல்லும். சிலர் அலுத்துக்கொண்டே சொல்வார்கள். இன்றைக்கு அந்த வரம் தேவைப்பட்டது.

பீடத்துக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி. எட்டு மாதமாக அங்கேயேதான் நிற்கிறது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சாய்மானம் முழுக்க, அதைச் சபைக்குக் கொடுத்தவரின் பெயர், அவர் அப்பாவின் பெயர், இரண்டு பேருடைய பட்டங்கள்.

மூன்று தடவை கேட்டுவிட்டாள். கொடுத்தவரான ஜோயல் தனபால் மூன்று தடவையும் ஒன்றையே சொன்னார்.

"பேராயர் வந்து பிரதிஷ்டை பண்ணட்டும்மா. நாற்காலி எங்க ஓடியா போயிரப்போவுது?"

பேராயருக்குத் தேதி ஒழியவில்லை.

அவள் கணவன் அருள்சேகர் ஞாயிறுதோறும் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். போன மாதம் படியில் தடுமாறினான். மாமியின் சேலை விலகியது. எல்லாரும் பார்த்தார்கள்.

"இனி என்னியத் தூக்காதிய. வீட்டுலயே கெடந்துக்கிடுதேன்" என்றாள் மாமி.

அறுபது வருஷம் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து தவறாதவள். இன்று திருவிருந்து. வாசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலி வந்தால்தான் இறங்குவாள்.

"ஆண்டவரே, நீர் தந்த எல்லாவற்றுக்காகவும் நன்றி."

பக்கக் கதவு வழியாக அருள்சேகர் வந்தான்.

பிளாஸ்டிக் சரசரத்தது. மழை வேண்டிக் குரலை உயர்த்தினாள்.

சக்கரம் கிரீச்சிட்டது. மிஷனெரிகளுக்காக இன்னும் உயர்த்தினாள்.

முன்வரிசையில் ஜோயல் தனபால் உருகிப்போய் ஸ்தோத்திரம் சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டவருக்குக் கொடுத்ததை ஆண்டவர் வீட்டிலேயே திருட வைத்துவிட்டாரே இந்த மனுஷன்.

நாற்காலி நிலைப்படியில் மாட்டிக்கொண்டது.

அருள்சேகர் தூக்கிப் பார்த்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தாள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்காக ஜெபித்தாள். கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்காகக்கூட ஜெபித்தாள். இனி ஜெபிக்க எதுவும் மிச்சமில்லை. யாரோ இருமினார்கள்.

கதவோரத்தில் ஒருத்தி கண் திறந்தாள்.

ரூபி. ஜோயல் தனபாலின் மனைவி.

நாற்காலியைப் பார்த்தாள். அருள்சேகரைப் பார்த்தாள். மைக்கைப் பிடித்திருந்தவளை நேராகப் பார்த்தாள்.

மாமியிடம் என்ன சொல்வது என்று இவள் யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

ரூபி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். குனிந்து முன்சக்கரங்களைத் தூக்கி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, கண்களை மூடிக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம்" என்றாள். தன் கணவரைவிடச் சற்று உரக்க.

நாற்காலி ஆட்டோவை நோக்கி உருண்டு போகும் சத்தம் மைக்கில் நின்றவளுக்குக் கேட்டது.

அவளும் கண்களை மூடினாள்.