காய்ச்சல் டின்

வெயில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் விழுந்தும் குளிர் போகவில்லை. டாக்டர் ஆர்த்திகா மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு மூன்றாம் முறை கேட்கிறார். இரத்தப் புற்றுநோயாளிகளைப் பிடிக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய ஆய்வு. என் மனைவி ஜீவராணி மூன்று மாதத்துக்கு முன் அப்படித்தான் இறந்தாள். “புற்றுநோய் வாறதுக்கு முதல் அவ அன்டிபயோடிக் ஏதும் குடிச்சவவோ?” டாக்டர் மருந்துத் துண்டு எழுதித் தந்து வாங்கியது எதுவுமில்லை. “இல்லைங்க,” என்கிறேன். எத்தனை தடவைதான் சொல்வது? உள்ளே மாமியார் வேலாயி பிஸ்கட் டின்னைத் திறக்கும் சத்தம். பக்கத்துக் காம்பராவின் தயானி காய்ச்சலோடு வந்திருக்கிறாள். “ரெண்டு நாளைக்குப் போடு. காய்ச்சல் விட்டதும் நிப்பாட்டிட்டு மிச்சத்த டின்னுலயே போட்டுரு.” டாக்டரின் பேனா நிற்கிறது. “அது என்னம்மா?” “லயத்துக்கே பொது மருந்துங்க. எம்மகளும் இதுலதான் எடுத்துப் போட்டுக்குவா.” டாக்டர் எழுந்து போய்த் தயானியின் கையிலிருந்த மாத்திரைகளை வாங்குகிறார். “இதைக் குடிக்காதேங்கோ பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு வாங்கோ.” டின்னைப் பாயில் கவிழ்க்கிறார். பாதியாக வெட்டிய அட்டைகள், சிவப்பும் மஞ்சளுமாய் மாத்திரைகள். “இதனாலதான் போனாளா?” என்கிறேன். “அப்பிடிச் சொல்லேலாது. ஆனா எழுத வேணும். அதுக்குத்தானே திருப்பித் திருப்பிக் கேட்டனான்.” அட்டைகளில் ஒட்டியிருக்கும் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கிறார். சளிக்கு. காய்ச்சலுக்கு. சீழ்ப் புண்ணுக்கு. “வடிவான எழுத்து. ஆர் எழுதினது?” மாமியார் பெருமையாக என்னைக் காட்டுகிறார். “படிச்ச மாப்பிள்ளைங்க.”