பேச்சுக்குக் கிடைத்த பதவி

வடக்கே ஒரு மாநிலத்துக்கு வீரமலையைக் கவர்னராகப் போட்டிருப்பதாக ரேடியோ சொன்னதும், ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு வாசலில் சரவெடி வெடித்தது.

"எல்லாம் என் பேச்சுக்குக் கிடைச்ச மரியாதை, மாரியாயி!" என்று மனைவியிடம் மீசையைத் தடவிக்கொண்டார். "பொன்மலை மைதானத்துல நான் பேசினதை டெல்லி மறக்கலை, பாத்தியா?"

"எப்படி மறப்பாங்க?" என்றாள் அவள், பெட்டியில் வேட்டிகளை அடுக்கியபடியே.

அடுத்த மாதம் தேர்தல். தன்னை விட்டால் கட்சிக்காக முழங்க யார் இருக்கிறார்கள் என்ற கவலை மட்டும் அவரை அரித்தது.

திருச்சி ஜங்ஷனுக்கு வழியனுப்ப வந்த கட்சித் தலைவர், அவருக்கு மாலை போட்டுவிட்டு மாரியாயியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்க வந்து அழுததுக்கு எங்களால முடிஞ்சது இதுதாம்மா. கவர்னர் ஆயிட்டா கட்சி மேடை ஏற முடியாது. இன்னொரு தேர்தலுக்குக் கத்தினா இருதயம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னதை இவர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

அவள் திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

ரயில் காவேரிப் பாலம் தாண்டியதும் வீரமலை கழுத்து மாலையைக் கழற்றி வைத்தார். பிறகு மெல்ல நகர்ந்து, ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.